டம்ளரில் சாம்பல்

இரண்டு மலைகளுக்கு நடுவே ஓர் ஆறு. ஆற்றுக்குக் குறுக்கே இன்னும் கட்டாத ஓர் அணை. அந்த அணையைப் பற்றி அங்கே இருந்த எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். மழைக்கு முன்னால் சுவர் வெள்ள மட்டத்தைத் தாண்டி எழுந்துவிட வேண்டும். எழாவிட்டால் ஆறு வந்து பாதிச் சுவரையும் வாரிக்கொண்டு கீழே இருக்கிற மூன்று ஊர்களுக்குள் போய்விடும்.

அங்கே கலவைக்குப் பொறுப்பு சகாயராணி. வயது முப்பத்தாறு, கடற்கரைக்காரர். வியர்வையைப் புறங்கையால் துடைத்துத் துடைத்து அவர் நெற்றியில் எப்போதும் ஒரு சாம்பல் பட்டை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவரை வேலைத்தளம் முழுக்க சாமியாரம்மா என்றுதான் கூப்பிட்டது. அவரும் திரும்பிப் பார்ப்பார்.

அவரிடம் வேலை கற்க வந்தவர் குமரகுரு. வயது ஐம்பத்து மூன்று, தாராபுரத்துக்காரர், முப்பது வருஷம் பாலம் கட்டிய இன்ஜினியர். இந்த வயதில் என்னய்யா படிப்பு என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். ஓர் அணையாவது கட்டாமல் ஓய்வு பெறுவதில்லை என்று இந்த மாற்றலைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வாயில் வெற்றிலை, சட்டைப் பையில் சுண்ணாம்பு டப்பி.

“பேர்லயே குருவ வச்சிருக்கீங்க. எங்கிட்ட வந்து என்ன சார் படிக்கப் போறீங்க?” என்றார் சகாயராணி.

“பேரு எங்கப்பன் வெச்சதுங்க மேடம். படிக்கிறது நான்தானுங்களே.”

சகாயராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சரி, ஒண்ணே ஒண்ணு. கான்கிரீட் மேல மட்டும் வெத்தல துப்பிராதீங்க. அணை இருக்கற வர உங்க பேரச் சொல்லும்.”

குமரகுருவுக்குத் தெரிந்த கான்கிரீட் கஞ்சி மாதிரி ஊற்றுவது. இங்கே இருந்ததோ புட்டு மாவு பதம். கையில் பிடித்தால் பிடிபடும், விட்டால் உதிரும். டிப்பர்கள் கொண்டுவந்து கொட்டும், புல்டோசர் ஒரு அடி உயரத்துக்குப் பரத்தும், பின்னால் ரோலர் வந்து அதிர அதிர அழுத்தும். அதன் மேல் உடனே அடுத்த அடுக்கு. தார் ரோடு போடுகிற வேகத்தில் மலை மாதிரி ஒரு சுவர். இப்படியும் கட்டலாமா என்று அந்த மனுஷன் முதல் வாரம் முழுக்கத் தூங்கவே இல்லை.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. கலவையில் சிமெண்ட் ஒரு பங்கு, அனல் மின் நிலையத்துச் சாம்பல் இரண்டு பங்கு. நிலக்கரி எரிந்து முடிந்து புகைபோக்கியில் பிடித்த சாம்பல். மாவைவிட மென்மையாக இருந்தது. கையில் எடுத்தால் விரலிடுக்கில் தண்ணீர் மாதிரி ஓடியது.

“மேடம், ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“கேளுங்க.”

“சிமெண்டு கெட்டியாகறப்போ சூடாகும். பாலத்துத் தூணுல அந்தச் சூடு வெளிய போயிரும். இத்தாச்சோட்டுப் பெரிய சுவத்துல போறதுக்கு வழி இல்ல. உள்ளயே நின்னு, ஆறுறப்போ வெடிப்பு விடும். அதனால சிமெண்டக் கொறைக்கணும். அது புரியுதுங்க.”

“அப்புறம் என்ன?”

“ஆனா சாம்பல் கெட்டியாக மாசக்கணக்கா ஆகுதுங்களே. இவ்வளவு அவசரமாக் கட்டுற அணைக்கு இவ்வளவு சோம்பேறிப் பொருளு எதுக்குங்க?”

சகாயராணி கேண்டீன் பஷீர் பாயிடம் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினார். அதில் பாதி சாம்பல் போட்டு, தண்ணீர் விட்டுக் குழைத்து, குமரகுருவின் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்துக் குமரகுரு டம்ளரோடு வந்தார்.

“அப்படியேதானுங்க இருக்குது. கெட்டியாகிற யோசனையே இல்ல.”

“ஆகாது சார். தனியா இருந்தா அது சேறுதான். டப்பிய எடுங்க.”

“எந்த டப்பிங்க?”

“வெத்தல டப்பி.”

குமரகுரு தயங்கித் தயங்கிச் சுண்ணாம்பு டப்பியை நீட்டினார். வெற்றிலை போடுகிறவரிடம் சுண்ணாம்பு டப்பியைக் கேட்பது சாதாரணக் காரியமில்லை. சகாயராணி டப்பியை முழுக்க வழித்து டம்ளருக்குள் போட்டு, ஒரு குச்சியால் கலக்கினார்.

“சிமெண்ட் கெட்டியாகும்போது கொஞ்சம் சுண்ணாம்ப வெளிய விடும் சார். சிமெண்டுக்கு அது வேண்டாம். சாம்பலுக்கு அதுதான் வேணும். ஈரத்துணி போட்டு மூடி வைங்க.”

“எத்தன நாளுக்குங்க?”

“அத டம்ளர் சொல்லும்.”

குமரகுரு தினமும் துணியை நீக்கிப் பார்த்தார். முதல் வாரம் சேறு. இரண்டாம் வாரம் கொஞ்சம் கெட்டியான சேறு. மூன்றாம் வாரம் பார்க்கிற ஆர்வம் போய்விட்டது. டம்ளரை ஆய்வுக்கூடத்துத் தொட்டிக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அதற்கப்புறம் அதைத் தேடியது பஷீர் பாய் மட்டும்தான்.

“இன்ஜினியர் சார், ஒரு டம்ளர் குறையுது.”

“தர்றேன் பாய், தர்றேன்.”

அணைக்கு முன்னால் ஓரமாக ஒரு சோதனைச் சுவர் போட்டார்கள். அங்கேதான் குமரகுரு அந்தச் சொல்லை முதலில் கேட்டார். ஒரு அடுக்கை உருட்டி முடித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் சகாயராணி அதன் மேல் ஏறி, பூட்ஸ் குதிகாலை ஊன்றி ஒரு திருகு திருகுவார். குனிந்து பார்ப்பார். பிறகு கையைத் தூக்கி உரக்கச் சொல்வார்.

“தடம் விழுது. போடலாம்.”

அவ்வளவுதான். டிப்பர்கள் பாய்ந்து வரும்.

“ஆய்வுக்கூடத்துல ஊசியக் குத்தி, எவ்வளவு எறங்குதுன்னு பாத்துச் சொல்லுறாங்களே மேடம். அப்பறம் எதுக்குங்க குதிகாலு?”

“ஊசி சரியாத்தான் சொல்லும். ஆனா டிப்பர்க்காரருக்கு ஊசி தெரியாது. தடம் விழுந்தா கீழ உள்ள லேயர் இன்னும் உசுரோட இருக்குன்னு அர்த்தம். மேல வர்றது அதோட கலந்து ஒண்ணாயிரும். விழலன்னா அது கல்லு. கல்லு மேல வெறுமனே போட்டா ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு நிக்கும். தண்ணி அந்தக் கோட்டத் தேடிக்கிட்டே இருக்கும் சார், நூறு வருஷமானாலும்.”

தடம் விழுது, போடலாம். குமரகுரு குளிக்கும்போதுகூட அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். என்றைக்காவது ஒரு நாள் அந்தக் குரல் தன் குரலாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஐம்பத்து மூன்று வயதில் இதற்கெல்லாம் ஆசைப்படலாமா என்றால், அந்த வயதில் வருகிற ஆசைதான் ஆளைப் போட்டு ஆட்டும்.

சோதனைச் சுவரின் கலவையில் எடுத்து வைத்த கட்டிகளை இருபத்தெட்டாம் நாள் இயந்திரத்தில் வைத்து நசுக்கினார்கள். கான்கிரீட் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இருபத்தெட்டாம் நாள்தான் பரீட்சை. குமரகுரு முப்பது வருஷமாக அந்த ஒரு நாளைப் பார்த்தே கான்கிரீட்டை நம்பியவர், நம்பாதவர்.

கட்டி பொலபொலவென்று நொறுங்கியது. அவர் எதிர்பார்த்ததில் பாதி பலம்கூட இல்லை.

சகாயராணி அந்த எண்ணைக் குறித்துக்கொண்டார். மிச்சக் கட்டிகளைத் தொட்டித் தண்ணீரிலேயே கிடக்கச் சொல்லிவிட்டு டீயை எடுத்தார்.

“மேடம், பயமா இல்லைங்களா?”

“இருக்கு சார்.”

“அப்பறம்?”

“ஒரு மாசத்துப் பிள்ளைய எந்திரிச்சு நடன்னா எப்படி நடக்கும்? மூணு மாசம் ஆகட்டும். ஒரு வருஷம் ஆகட்டும்.”

குமரகுருவுக்கு அந்தப் பதில் போதவில்லை. கீழே இருக்கிற மூன்று ஊர்களும் கண்ணில் நின்றன. அவர் கட்டிய எந்தப் பாலமும் இருபத்தெட்டாம் நாள் இப்படி நொறுங்கியதில்லை. பயம் வந்த நல்ல மனுஷன் செய்கிற வேலை எப்போதும் ஒன்றுதான். யாருக்கும் சொல்லாமல் உதவி செய்யப் போவான்.

சித்திரை வெயிலில் ஒரு காலை அணை தொடங்கியது.

வேலைத்தளம் திருவிழாக் கோலத்தில் இருந்தது. மலையிலிருந்து கலவையைக் கொண்டுவரும் நீண்ட கன்வேயர் பெல்ட்டுக்கு யாரோ மாவிலை கட்டியிருந்தார்கள். டிப்பர் டிரைவர்கள் வண்டிக்குப் பொட்டு வைத்திருந்தார்கள். பஷீர் பாய் எல்லோருக்கும் கேசரி கிண்டியிருந்தார். அன்றைக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்ட ஆற்றுப் படுகையில் இடது கரைப் பக்கம் ஒரு பாதி, வலது கரைப் பக்கம் ஒரு பாதி, இரண்டும் ஒன்றாக எழ வேண்டும். காலையில் இடது பாதிக்கு மலைமேல் கலவை நிலையத்தில் நின்று அனுப்பும் வேலை குமரகுருவுக்கு.

முதல் லோடு இறங்கியபோது எழுந்த சத்தத்தில் இரண்டு மலையும் அதிர்ந்தன. ரோலர்கள் பாறை மேல் ஓடின. பாறை போய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு தரை வந்தது. இத்தனை நாள் தாளில் இருந்த அணை இப்போது காலுக்கடியில் இருந்தது. குமரகுரு மேலிருந்து இறங்கி வந்து அதைப் பார்த்தார்.

“சார்,” என்றார் சகாயராணி. “இன்னைக்கு இடது பக்கம் நீங்க சொல்லுங்க.”

“நானுங்களா?”

“பின்ன? உங்க குதிகால்லயும் பூட்ஸ்தானே போட்டிருக்கு.”

வாயில் இருந்த வெற்றிலையை அணையை விட்டு வெகுதூரம் நடந்து போய்த் துப்பிவிட்டு வந்தார் குமரகுரு.

அடுத்த அடுக்கு தொடங்க வேண்டிய நேரத்தில் கன்வேயர் பெல்ட் கிழிந்தது.

ஆளாளுக்கு ஓடினார்கள். கிழிசலைத் தைத்தார்கள், ஒட்டினார்கள், மறுபடி பிரித்தது, மறுபடி ஒட்டினார்கள். வெயில் ஏறி உச்சிக்கு வந்து சாய ஆரம்பித்தது. டிப்பர்கள் வரிசையில் நின்றன. ஆற்றுப் படுகையில் அத்தனை பேரும் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுக்கு காய்ந்துவிடாமல் தண்ணீரைப் பனி மாதிரி தெளித்துக்கொண்டே இருந்தார் சகாயராணி.

ஒருவழியாக பெல்ட் ஓடியது. விசில் பறந்தது. டிப்பர்கள் உறுமின.

சகாயராணி வலது பக்கம் ஏறினார். ஆய்வுக்கூடத்து ஆள் ஊசியைக் குத்திப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையை ஆட்டினான். அவர் குதிகாலை ஊன்றித் திருகிக் குனிந்து பார்த்தார்.

“தடம் விழுது. போடலாம்.”

ஊசி ஆய்வுக்கூடத்தில் ஒன்றுதான் இருந்தது. வலது பக்கக் கலவைதானே இடது பக்கத்திலும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நினைப்பதில் தப்பில்லை.

சகாயராணி படுகையின் குறுக்கே இந்தப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

“சார், அங்க எப்படி?”

எல்லோரும் குமரகுருவைப் பார்த்தார்கள். முதல் டிப்பரின் டிரைவர் கியரில் கை வைத்தபடி தலையை வெளியே நீட்டினான். அந்த மனுஷன் மூன்று மாதமாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்த நிமிஷம் இதுதான்.

குதிகாலை ஊன்றினார். திருகினார். குனிந்தார்.

ஒன்றும் இல்லை.

இன்னும் கொஞ்சம் தள்ளி ஊன்றினார். முழு உடம்பையும் அதன் மேல் போட்டார். பூட்ஸ் கிறீச்சிட்டது. தரை அப்படியே இருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு தூரத்திலிருந்து யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஊசி இல்லை. மூன்று வார்த்தை போதும், டிப்பர்கள் வந்துவிடும், இதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று ஒரு மலையே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கோட்டைத் தண்ணீர் கண்டுபிடிக்கும்போது குமரகுரு ஓய்வு பெற்றுத் தாராபுரத்தில் ஈஸிசேரில் இருப்பார்.

“சார்?”

குமரகுரு கையைத் தூக்கினார்.

“விழலைங்க.”

“என்னது?”

“தடம் விழலைங்க மேடம். போடாதீங்க.”

டிப்பர்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. குமரகுரு படுகையைக் கடந்து சகாயராணியிடம் நடந்து வந்தார். அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

“காலைல நான்தானுங்க கலவைய மாத்திப் போட்டேன். சாம்பலக் கொறைச்சுட்டு சிமெண்டக் கூட்டிப் போடச் சொன்னேன். அந்தக் கட்டி நொறுங்கினதுலருந்து எனக்கு மனசே ஆறலைங்க. கொஞ்சம் பலம் சேரட்டுமேன்னு நெனச்சேன். கெட்டிப்பட்டுப் போச்சுங்க.”

“எவ்வளவு கூட்டுனீங்க?”

“ரெண்டு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு சாம்பல். அப்படியே தலகீழா.”

“ஒரு லேயர்தானே?”

“ஒண்ணேதானுங்க.”

சகாயராணி இடது பக்கத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். யாராவது இரண்டு திட்டு திட்டியிருந்தால் குமரகுருவுக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

“சரி. அது இனிமே கான்கிரீட் இல்ல, பாறைன்னு நெனச்சுக்கிடுவோம். ஒரு அடிதான, சூடு நிக்காது. தண்ணி அடிச்சுத் தோல உரிச்சுக் கழுவுங்க. கழுவுனதும் சாந்து பூசி, அதுக்கு மேல போடுவோம். எல்லா டிப்பரும் வலது பக்கம் வாங்க. நம்ம பக்கம் இன்னும் உசுரோட இருக்கு.”

அதன் பிறகு நடந்ததை வேலை என்று சொல்ல முடியாது. பம்புகள் சீறின. குமரகுரு குழாயைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு, கொடுக்கச் சொல்லி வந்த ஆட்களை விரட்டிவிட்டு, அடுக்கின் மேல்தோல் போய்க் கல் முகம் தெரிகிற வரைக்கும் அடித்தார். சட்டை உடம்போடு ஒட்டியது. சாந்து பூசினார்கள். அந்தப் பக்கம் வலது பாதி ஒரு அடுக்கு ஏறி, அடுத்ததும் ஏறிக்கொண்டிருந்தது. அதை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு வெறி பிடித்துவிட்டது. யாரோ பாட்டுப் போட்டார்கள். இடது பக்கம் புதுக் கலவை இறங்கியபோது, காலையில் முதல் லோடுக்கு எழுந்ததைவிடப் பெரிய சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்தில் குமரகுருவும் சேர்ந்துகொண்டார். வெட்கத்தையும் மீறி அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

பொழுது சாயும் முன் இரண்டு பாதியும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

பஷீர் பாய் டீயோடு வந்தார். ஒரு டம்ளர் குறைந்தது.

“இன்ஜினியர் சார், இன்னைக்காச்சும்.”

குமரகுரு ஆய்வுக்கூடத்துக்குப் போய்த் தொட்டிக்குப் பின்னால் கையை விட்டார். துணி ஈரம் இருந்தது. தொட்டி கசிந்து கசிந்து அதை நனைத்தே வைத்திருந்தது. துணியை நீக்கினார். விரலால் தொட்டார். நகத்தால் கீறினார். டம்ளரைக் கவிழ்த்துத் தரையில் தட்டினார். பிறகு பலமாகத் தட்டினார்.

டம்ளர்தான் நசுங்கியது.

அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அணைக்கு வந்தார். சகாயராணி இடது பக்க அடுக்கின் ஓரத்தில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வழக்கத்தைவிட அகலமான பட்டை. டம்ளரை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். ஒரு துகள்கூட விழவில்லை.

“இது என் சுண்ணாம்புதானுங்களா?”

“உங்க சுண்ணாம்புதான். எங்க சாம்பல்.”

“நான் மூணாவது வாரமே பாக்கறத விட்டுப்போட்டேனுங்க.”

“அது விடல பாருங்க.”

குமரகுரு அவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. எதிரே நின்றபடியே கேட்டார்.

“மேடம், முப்பது வருஷத்துல கெட்டிப்பட்டுப் போனவனுங்க நானு. நீங்க சொல்லிக் குடுத்தது எதுவும் மேல ஒட்டலைன்னு இன்னைக்கு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. நாளைக்கு நான் வேலைக்கு வரலாமுங்களா, இல்ல பெட்டியக் கட்டட்டுங்களா?”

சகாயராணி டம்ளரைக் கீழே வைத்தார்.

“மத்தியானம் விழலன்னு சொன்னீங்களே. அத உங்கள யாரும் சொல்லச் சொன்னாங்களா?”

“இல்லீங்க.”

“சொல்லாம இருந்தா யாருக்காச்சும் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காதுங்க.”

பெல்ட்டின் மேல் அடுத்த அடுக்குக்கான கலவை வர ஆரம்பித்திருந்தது. டிப்பர் டிரைவர்கள் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சகாயராணி எழுந்தார். குதிகாலை எங்கும் ஊன்றவில்லை. குனிந்து தரையையும் பார்க்கவில்லை. குமரகுருவின் முகத்தைத்தான் பார்த்தார்.

“தடம் விழுது சார்,” என்றார். “போடலாம்.”